பூட்டைத் தேடிப் போகும் விளக்கு

கன்னிவாடியில் சாயங்காலம் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்களில் ஒருவருக்காவது கன்னம் லேசாகப் புடைத்திருக்கும். உள்ளே புகையிலை. வேடசந்தூரில் புகையிலைக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டம் இது. புகையிலை வருஷக்கணக்கில் ஊறுகிற அந்த இடத்தில்தான், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில், நம் நாட்டு வாய்ப்புற்று பெரும்பாலும் முளைக்கிறது.

கட்டியை வெட்டியெடுக்கும் மருத்துவருக்குப் பெரிய சிக்கல், கத்தியை எங்கே நிறுத்துவது என்பது. விளிம்பில் பரவிய செல்கள் கண்ணுக்கும் விரலுக்கும் அகப்படா. ஆகவே சுற்றிலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்தே எடுப்பார்கள். குறைத்து எடுத்தால் நோய் திரும்பும். கூட்டி எடுத்தால் பேச்சும் விழுங்குவதும் போகும்.

திண்டுக்கல் பூட்டு தெரிந்தவர்களுக்கு இதற்கான உபாயம் சட்டென்று புரியும். செல்லின் மேற்பரப்பில் ‘ஈ.ஜி.எஃப்.ஆர்.’ என்ற புரதம் பூட்டுப்போலப் பதிந்திருக்கிறது. நல்ல செல்லில் கொஞ்சம். வாய்ப்புற்றுச் செல்களில் பெரும்பாலும் ஏராளம். இந்தப் பூட்டுக்கு மட்டும் பொருந்தும் சாவிதான் செடுக்சிமாப், பானிடுமுமாப் போன்ற ஆன்டிபாடிகள். அந்தச் சாவியில் ஒளிரும் சாயத்தைக் கட்டி, அறுவைக்குச் சில நாள் முன்பே ரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். பூட்டுக் கிடைக்காத சாவிகள் ரத்தத்தைவிட்டுக் கழிய அந்த அவகாசம். ஆன்டிபாடியில் சாயம் கட்டும் யோசனை 1941லேயே ஆல்பர்ட் கூன்ஸ் என்ற ஆய்வாளர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் செய்துகாட்டியது.

இருட்டில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். கை சிவப்பாகத் தெரியும். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது, சிவப்பு தப்பி வருகிறது. சிவப்பைச் சற்றே தாண்டிய அகச்சிவப்பு இன்னும் சுலபமாகத் தப்பும். அதனால்தான் 800 நானோமீட்டர் அருகே ஒளிரும் சாயத்தைத் தேர்ந்தார்கள். அதைக் கண் காணாது, கேமரா காணும். அரங்க விளக்கைத் தணித்தால், திரையில் சுற்றுச் சதை மங்க, கட்டி மட்டும் பளிச்சென்று நிற்கும்.

நல்ல தோலும் கொஞ்சம் மினுங்கும் என்பதால், கடைசித் தீர்ப்பு நுண்ணோக்கிக்கு அடியில் வைக்கும் சதைத்துணுக்குக்குத்தான். முறையும் இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது.

ஆனால் திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வெறுங்கண்ணால் வாயைப் பார்த்ததற்கே, புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது. 2005ல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு. உள்ளங்கையில் அழுத்திய அதே டார்ச்சைக் கன்னத்துக்குள்ளும் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு வாரம் தாண்டினால், திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிடுங்கள்.