உங்களுக்குத் தெரியுமா? கரப்பான் தோல்நோயின் கடுமையை நாள் எண்ணி அளக்கலாம்!

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில், பால்மரத்துக்கும் செம்பனைக்கும் நடுவே வியர்த்து உழைப்பவரும் தம் கரப்பானை வீட்டிலேயே அளக்கலாம். 2004-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உருவான ‘போயம்’ அளவுகோலில் ஏழே கேள்விகள்: கடந்த வாரம் அரிப்பு, தூக்கக்கேடு, இரத்தக்கசிவு, நீர்வடிதல், வெடிப்பு, செதில் உதிர்தல், வறட்சி எத்தனை நாள் இருந்தன? ஒவ்வொன்றுக்கும், ஒருநாளும் இல்லையென்றால் 0, தினமும் என்றால் 4, உச்சம் 28. 17-ஐ எட்டினால் நோய் கடுமை. சிவப்பைப் பற்றிக் கேள்வியே இல்லை; அதுதான் நமக்கு வசதி. கருந்தோலில் சிவப்பு ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ ஒளிந்துகொள்ளும்; கண்ணை மட்டும் நம்பும் மருத்துவர் நோயைக் குறைத்து மதிப்பிடக்கூடும். நோயாளி மிகைப்படுத்த மாட்டாரா? மிகைப்படுத்தலாம்தான். ஆனால் ‘எவ்வளவு வேதனை’ என்று கேட்டால் கூட்டிச் சொல்வது எளிது. தூக்கம் கெட்ட இரவுகளோ வாரத்துக்கு ஏழைத் தாண்ட முடியாது.