தோட்டம் வந்தது, கணக்கு வரவில்லை

சண்டிகரின் பழைய செக்டார் எதற்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுபவை மரங்கள். நடுவே நீளும் பசுமைப் பட்டை. அதையொட்டிப் பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல். வாகனங்கள் பறக்கும் பெரிய சாலையைக் கடக்காமலே குழந்தைகள் பள்ளிக்கு நடந்து போகலாம். மனை விலையோ கோடிகளில். இந்த அமைதியைக் காப்பாற்றக் கோரித்தான் குடியிருப்போர் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது.

இந்த அமைப்பின் வேர் பஞ்சாப் மண்ணில் இல்லை. லண்டன் நாடாளுமன்றப் பேச்சுகளைக் குறிப்பெடுத்துப் பிழைத்த எபனேசர் ஹோவர்ட் என்ற சுருக்கெழுத்தர், 1898இல் வெளியிட்ட ஒரு சிறிய புத்தகத்தில் இருக்கிறது. அவர் கட்டடக் கலைஞரும் அல்ல, பொறியாளரும் அல்ல. புகை மண்டிய சேரிகளைப் பார்த்து நொந்தவர், அவ்வளவுதான். அவர் கனவு கண்ட 'பூங்கா நகர'த்துக்கு 6,000 ஏக்கர். அதில் ஊருக்கு 1,000 ஏக்கர் போக, மிச்சமெல்லாம் வயலும் காடும். ஜனத்தொகை 32,000. அதைத் தாண்டினால் இன்னொரு ஊர் கட்டிக்கொள்ள வேண்டும்.

பெயரில் பூங்கா இருந்தாலும் ஹோவர்டின் கவலை நிலக் கணக்கு பற்றியது. நிலம் ஊருக்குப் பொது. குடியிருப்பவர் வாடகை கட்டுவார். ஊர் வளர வளர நிலத்தின் மதிப்பு ஏறும். அந்த ஏற்றம் தரகர்களின் பைக்குப் போகாமல் ஊர் நலத்துக்கே திரும்ப வேண்டும். இதை நம்பி 1903இல் லண்டனுக்கு வடக்கே எழுந்தது லெட்ச்வொர்த். அங்கே இன்றும் ஓர் அறக்கட்டளை சொத்துகளை நிர்வகித்து, உபரி வருமானத்தை ஊருக்கே செலவிடுகிறது.

யோசனை கடல் தாண்டியது. அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் 1929இல் ராட்பர்ன் குடியிருப்பை உருவாக்கி, காருக்கு ஒரு வழி, கால்நடைக்கு ஒரு வழி என்று பிரித்தார்கள். அந்த வட்டத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் மேயரிடம்தான் சண்டிகர் திட்டம் முதலில் வந்தது. விசிறி வடிவத்தில், வளைந்த சாலைகளோடு வரைந்தார். அவருடைய கூட்டாளி மேத்யூ நோவிட்ஸ்கி 1950இல் விமான விபத்தில் இறந்துபோக, பொறுப்பு லெ கார்புசியே கைக்கு மாறியது. அவர் வளைவுகளை நிமிர்த்தி, 800 மீட்டருக்கு 1,200 மீட்டர் என்று செக்டார்களாக அறுத்தார். ஆனாலும் உள்ளே ஓடும் பசுமை அப்படியே நின்றது. ஹோவர்டின் வயல் வளையமும் வந்தது: நகரைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குக் கட்டடம் எழும்பாமல் கட்டுப்படுத்த 1952இல் தனிச் சட்டம். 1962இல் அது 16 கிலோமீட்டர் ஆனது.

வராதது அந்தக் கணக்கு மட்டும்தான். கிராமத்தாரின் நிலத்தை எடுத்த அரசு, மனைகளாகப் பிரித்து விற்றது. கட்டுமானச் செலவுக்குக் காசு வேண்டுமே! பிறகு ஏறிய மதிப்பு மனைக்காரர்களுடையது. வளையமும் தப்பவில்லை. 1966இல் ஹரியானா பிரிந்தபோது அது மூன்று நிர்வாகங்களுக்குத் துண்டானது. பஞ்சாப் பக்கம் மொகாலி, ஹரியானா பக்கம் பஞ்ச்குலா என்று அதற்குள்ளேயே நகரங்கள் முளைத்தன. 5 லட்சம் பேருக்கென்று வரைந்த சண்டிகர் யூனியன் பிரதேசத்தில் 2011 கணக்கெடுப்பின்படி பத்தரை லட்சம் பேர்.

நெருக்கடி முதல் கட்டத்தின் 30 செக்டார்களிலும் புகுந்தது. தனி வீடுகளை அடுக்ககமாக்க வழிவிட்ட 2001 விதிகள் 2007இல் ரத்தாயின. வியாபாரம் நிற்கவில்லை. ஒரு மனையை மூன்று பேர் சதவீதக் கணக்கில் வாங்குவார்கள். பழைய வீடு இடிபடும், மூன்று மாடி எழும்பும். ஆளுக்கு ஒரு மாடி என்று தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.

2023 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் இதற்குத் தடை போட்டது. இணை உரிமையாளர்களின் அத்தகைய ஒப்பந்தங்களைப் பதிவு செய்யக் கூடாது, மாடிப் பிரிவினைக்கு அவை செல்லவும் செல்லாது என்றது. முதல் கட்டத்தில் நெருக்கத்தைக் கூட்டலாமா என்பதைப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஆராயட்டும் என்றும் சொன்னது. ஏற்கெனவே பங்கு வாங்கி மாடியேறியவர்களின் பத்திரத்தில் இருப்பது சதவீதம்தான். மாடி இல்லை.