ஜீனோவுக்கு நட்பு தெரியுமா?

விளாங்குடியில் தெருநாய்க்குத் தினமும் பிஸ்கட் போடுகிறவரிடம், ‘அதுக்கு உங்கமேல பாசம் உண்டா?’ என்று கேட்டுப் பாருங்கள். வால் ஆட்டுவதைக் காட்டுவார், அதுவே சாட்சி. சுஜாதாவின் ஜீனோவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது இயந்திர நாய்!

1980-களில் ஆனந்த விகடனில் வந்த ‘என் இனிய இயந்திரா’ தொடரில், கணவன் சிபியைக் காணாமல் தவிக்கிறாள் நிலா. அவள் வீட்டுக்கு வரும் ரவியோடு வந்து சேர்கிறது ஜீனோ. புத்தகம் படிக்கும், யோசனை சொல்லும், அவளையே கிண்டலும் பண்ணும். நாம் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற இன்றைய செல்போன் ஏ.ஐ. இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஜீனோவின் சொந்தக்காரன் ரவிதான். ஆனால், நெருக்கடி வரும்போது அது நிற்பது நிலா பக்கம். சொந்தக்காரனை விட்டு வரச் சொல்லி எந்த புரோகிராமும் இருக்காதே! என் கணக்கில் அது நட்புதான். நாட்டையே ஆளும் ‘ஜீவா’ வெறும் ஹோலோகிராம் என்பது கதையின் பெரிய குறும்பு (படிக்காதவர்கள் மன்னிக்க).

2010-ல் வந்த ‘எந்திரன்’ படத்துக்கும் சுஜாதா பங்களித்திருந்தார். அதில் சிட்டிக்குக் காதல் வந்தது; சனா தனக்கே வேண்டும் என்று ஊரையே துவம்சம் செய்தது. ஜீனோ நிலாவிடம் எதையும் கேட்கவில்லை.