தபால் பெட்டியில் பேர் இருக்கா?

ஆலங்குளம் பேருந்து நிலையத்தில் இறங்கி, கதவு எண் தெரியாவிட்டாலும், இன்னார் வீடு என்று கேட்டால் போதும். யாராவது வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஜெர்மனியும் கிட்டத்தட்ட இப்படித்தான். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் தனி எண் கிடையாது. தெரு, கட்டட எண், ஆளின் பெயர், அவ்வளவுதான் முகவரி. கீழே உள்ள பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருந்தால் தபால்காரர் கடிதத்தைப் போடுவார். இல்லாவிட்டால் அது வந்த வழியே திரும்பிவிடும். வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் இன்னமும் தபாலில் வரும் ஊர் அது. அங்கே படிக்கப் போய் இறங்கும் பிள்ளை முதலில் ஒட்ட வேண்டியது தன் பெயரைத்தான்.

ஜெர்மன் உதவியுடன் 1959இல் தொடங்கிய சென்னை ஐஐடியிலிருந்து பரிமாற்ற மாணவர்கள் அங்கே போய்வருவது பழைய வழக்கம். இப்போது தனியார் கல்லூரிகளும் ஒப்பந்தம் போட்டு அனுப்புகின்றன. பரிமாற்றம் என்றால் இங்குள்ள கல்லூரியில் கட்டணம் கட்டிவிட்டு, ஒரு பருவமோ இரண்டோ அங்கே படிப்பது. அந்தப் பல்கலைக்கழகம் பொதுவாகக் கல்விக் கட்டணம் கேட்காது. பருவப் பங்களிப்பு என்று ஒரு சிறு தொகை மட்டும் வாங்கும். பல ஊர்களில் அதற்குள்ளேயே பஸ், ரயில் பாஸும் அடங்கிவிடும்.

மலைக்க வைப்பது வேறொரு தொகை. விசாவுக்கு முன் முடக்கக் கணக்கு ஒன்றில் மாதத்துக்கு 992 யூரோ வீதம் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் கணக்கு. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ, ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல். பீடி சுற்றிப் பிள்ளையைப் படிக்கவைக்கும் வீட்டில் இதைச் சொன்னால் பேச்சே நின்றுபோகும். ஆனால் இது யாருக்கும் கொடுக்கும் கட்டணமல்ல, பிள்ளையின் பணமேதான். அங்கே போனபின் மாதாமாதம் அவிழ்த்து விடுவார்கள். உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இதை முதலிலேயே விளக்காமல் தொகையை மட்டும் சொல்லி வீட்டாரைப் பயமுறுத்துகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

போய் இறங்கியதும் ஒரு சங்கிலி தொடங்கும். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பெயரைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் அது நடக்காது. 2015 நவம்பரிலிருந்து சட்டமே அப்படி. பதிவுச் சான்று இருந்தால்தான் தங்கும் அனுமதியை நீட்டிக்க விண்ணப்பிக்க முடியும். வாடகை குறைவு என்று ஓர் அறையைப் பிடித்து, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுத்தால் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும். அதனால் ‘வாடகை எவ்வளவு’ என்பதற்கு முன்னால் ‘இங்கே பெயரைப் பதியலாமா’ என்று கேளுங்கள். மாணவர் விடுதி கிடைத்தால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் அங்கே காத்திருப்போர் பட்டியல் நீளம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பிப்பது நல்லது. பெர்லின் மாதிரிப் பெருநகரங்களில் பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும்.

பெட்டி கட்டும்போது அம்மாக்கள் செய்யும் தவறு பால்கோவா. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பண்டங்களைப் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் இதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள், காயவைத்துப் பொடித்துக்கொள்ளலாம். சாம்பார்ப் பொடி, புளிக்குத் தடையில்லை. மிக்ஸியைத் தாராளமாக எடுத்துப்போகலாம், அங்கேயும் 230 வோல்ட்தான். பிளக் மட்டும் பொருந்தாது, ஓர் அடாப்டர் போதும். இரவு பத்து மணிக்கு மேல் மட்டும் ஓட்ட வேண்டாம், பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்துக் கிடக்கும். சனிக்கிழமையே அரிசி வாங்கி வைக்காதவர்கள் முதல் வாரத்தில் ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடையைத் தேடித்தான் போவார்கள்.

குளிர்காலத்தில் ஆலங்குளத்தில் இரவு எட்டு மணி என்றால் அங்கே பிற்பகல் மூன்றரை. டிசம்பரில் சூரியன் அப்போதே இறங்கத் தொடங்கியிருக்கும். “சாப்பிட்டியாம்மா?” என்று இங்கிருந்து கேட்கும்போது அங்கே வகுப்பு நடந்துகொண்டிருக்கலாம். எடுக்கவில்லையே என்று பதற வேண்டாம்.

பதிந்த பெயரைத் தேடிக்கொண்டு சில வாரத்தில் ஒரு கடிதம் வரும்: ஒலிபரப்புக் கட்டணம், ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்று சொன்னாலும் விடமாட்டார்கள். அறைத்தோழர் யாராவது ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டண எண்ணைக் கொடுத்தால் போதும். ஊர் திரும்பும்போது பதிவை நீக்கிவிட்டு, இந்தக் கட்டணத்தையும் எழுதி நிறுத்த வேண்டும். மறந்தால் ஆளில்லாத அறைக்குப் பில் வந்துகொண்டே இருக்கும். பெட்டியிலிருந்து பெயரை உரிப்பது கடைசி வேலை. அதற்குமுன் மதிப்பெண் பட்டியல் எங்கே வரும் என்று துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே வாங்கிய கிரெடிட்டை இங்குள்ள கல்லூரி அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஏற்கும்.