எந்தக் கையில் பிடித்திருந்தார்?

நாகப்பட்டினம் பக்கம் அரசுப் பள்ளிகளில் 29 வருஷம் டிராயிங் டீச்சராக இருந்தேன். "உங்க ஊரை வரைங்க" என்றால் வகுப்பில் பாதிப் பேர் இரண்டு மலை, நடுவே சூரியன், ஓரத்தில் குடிசை, ஒரு தென்னை என்று வரைந்து நீட்டுவார்கள். நாகப்பட்டினத்தில் மலை ஏது? "வாசல்ல என்ன இருக்கு? கதவு எந்தப் பக்கம் திறக்கும்? காலையில வெயில் எங்க விழும்?" என்று கேட்கக் கேட்கத்தான் அவர்கள் ஊர் தாளுக்கு வரும்.

ஒசாகாவில் வேலை பார்க்கும் மகளோடு ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்துக்குப் போனபோது இந்தக் கேள்விகள்தான் மனதில் ஓடின. கருகிப்போன சாப்பாட்டுப் பெட்டி, மூன்று வயதுப் பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள், எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனால் நான் அதிக நேரம் நின்றது, ஓவியமே கற்காத சாதாரண ஜனங்கள் வரைந்த படங்களுக்கு முன்னால்.

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15க்கு ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்தது. அந்த வருஷம் முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். அன்றைய தினம் நகரத்துக்குள் தரையில் நடந்ததைக் காட்டுவதாக நமக்கு மிஞ்சியிருக்கும் புகைப்படங்கள் ஐந்துதான். உள்ளூர்ப் பத்திரிகையின் புகைப்படக்காரர் யோஷிதோ மாட்சுஷிகே எடுத்தவை அவை. மியுகி பாலத்தருகே வெந்துபோய் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் அவரால் கேமராவின் பொத்தானை உடனே அழுத்த முடியவில்லை. போர் முடிந்த பிறகு ஜப்பானில் இருந்த ஆக்கிரமிப்புப் படையின் தணிக்கை வேறு. ஆக, பார்த்தவர்களின் கண்ணுக்குள் மட்டுமே அந்த நாள் தங்கிவிட்டது.

1974இல் 77 வயதுப் பெரியவர் ஒருவர், தான் பார்த்ததை வரைந்து என்.எச்.கே. தொலைக்காட்சியின் ஹிரோஷிமா நிலையத்துக்கு எடுத்துப்போனார். "நீங்களும் வரைந்து அனுப்புங்கள்" என்று நிலையம் மக்களைக் கேட்டுக்கொண்டது. இரண்டே வருஷத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் வந்து சேர்ந்தன. 2002இல் மறுபடி கேட்டார்கள்; இன்னும் வந்தன. காலண்டரின் பின்பக்கம், விளம்பரத் தாள் என்று கைக்குக் கிடைத்ததில் கிரேயானாலும் பென்சிலாலும் வரைந்திருக்கிறார்கள். படத்தின் மேலேயே இடம், நேரம், யார் என்ன சொன்னார் என்று எழுதியிருக்கிறார்கள். தீயணைக்க வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியைப் பலர் வரைந்திருக்கிறார்கள். உடம்பு காந்தல் தாங்காமல் அதற்குள் இறங்கியவர்கள் அப்படியே செத்துக் கிடக்கிறார்கள். தண்ணீர் கேட்டவர்களை வரைந்தவர்களும் நிறைய. தீக்காயம் பட்டவருக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிர் போய்விடும் என்று அப்போது சொல்லப்பட்டதால், கொடுக்காமல் நகர்ந்தவர்கள் அவர்கள். கை ஒரு அளவு, கால் ஒரு அளவு என்று இருக்கும் அந்த உருவங்களில் ஒரு கோட்டைக்கூடத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

தேர்ந்த ஓவியர்களும் வரைந்தார்கள். இரி மருகி, தோஷி மருகி தம்பதி 1950 முதல் 1982 வரை 15 பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். ஒன்று குண்டுவீச்சில் இறந்த கொரியர்களுக்காக, ஒன்று அங்கே இறந்த அமெரிக்கப் போர்க்கைதிகளுக்காக. அந்த நியாய உணர்ச்சி பெரிது.

இனி அடுத்த தலைமுறை. ஹிரோஷிமாவின் மோட்டோமாச்சி மேல்நிலைப் பள்ளியில் கலைப் பிரிவு மாணவர்கள் 2007 முதல் இந்த வேலையைச் செய்கிறார்கள். குண்டுவீச்சில் தப்பிய முதியவர் ஒருவர், மறக்க முடியாத ஒரு காட்சியைச் சொல்வார். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை அவரைத் திரும்பத் திரும்பச் சந்தித்து, கிட்டத்தட்ட ஒரு வருஷம் உழைத்து அதை எண்ணெய் வண்ணத்தில் தீட்டும். முடிந்த ஓவியம் அருங்காட்சியகத்துக்குப் போகும். பெரியவர் தன் கதையைப் பள்ளிகளில் சொல்லும்போது அதைக் காட்டிச் சொல்வார்.

முதலில் எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. பார்க்காதவர் வரைந்தால், அதுவும் நிழலும் வெளிச்சமும் பழகிய கை வரைந்தால், கொடுமை அழகாகிவிடாதா? அந்த மாணவர்களின் சில படங்களை அச்சில் நிதானமாகப் பார்த்த பிறகு அந்தத் தயக்கம் போயிற்று. எரிந்தவர்கள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நடந்தார்கள். கை உடம்பில் உரசினால் வலி தாங்காது. இதைக் கேட்கிறவர் "ஐயோ" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். வரைகிறவரால் முடியாது. தோல் எங்கிருந்து தொங்கியது? விரல் மடங்கியிருந்ததா? வானம் என்ன நிறம்? அம்மா குழந்தையை எந்தக் கையில் பிடித்திருந்தார்? இவற்றைக் கேட்காமல் ஒரு கோடுகூட இழுக்க முடியாது. எழுபது, எண்பது வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல, முதியவருக்கும் அப்படிக் கேட்கும் ஒரு பிள்ளை வேண்டியிருக்கிறது. அவர் போன பிறகு அந்தப் பதில்கள் இன்னொருவரிடம் இருக்கும். வரைந்த கை எளிதில் மறக்காது. இதை என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

அதற்கும் அவகாசம் குறைவு. ஹிரோஷிமா, நாகசாகி இரண்டிலும் தப்பியவர்களில் அரசுப் பதிவில் உள்ளவர்கள் 2025 மார்ச்சில் ஒரு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். அப்போது அவர்களின் சராசரி வயது 86.

தப்பியவர்கள் வரைந்த படங்களை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். நம் ஊர் ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒன்பதாம் வகுப்புக்கு மேலே உள்ள பிள்ளைகளுக்கு ஒரு பீரியடு ஒதுக்கி அவற்றைக் காட்டுங்கள். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். காட்டும்போது அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.