கண்கொத்திப் பாம்பின் தொல்கிளை

மன்னார்புரம் போன்ற திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் வேலிச் செடியிலோ முருங்கைக் கிளையிலோ பச்சைப் பாம்பொன்று தென்பட்டால், 'கண்கொத்திப் பாம்பு' என்று கூவிக் கோலெடுப்போர் இன்றும் உளர். இந்த அச்சம் நம்முடையது மட்டுமன்று. இப்பாம்புகளுக்கு விலங்கியலார் வழங்கும் 'அஹேதுல்லா' என்னும் பேரினப் பெயர் சிங்களத்திலிருந்து சென்றதாகும். கண்ணைப் பறிப்பது என்பதே அதன் பொருள்.

உண்மையில் வியப்புக்குரியது அப்பாம்பின் கண்ணேயாகும். பாவை படுக்கைவாட்டில், சாவித்துளை போன்று அமைந்துள்ளது. முகத்தின் இருபுறமும் கண்ணிலிருந்து மூக்குவரை ஓடும் பள்ளத்தின் வழியே அது இரு கண்களாலும் ஒருசேர முன்னோக்கிப் பார்த்து, ஓணானின் தூரத்தைக் கணிக்கிறது. அதன் நஞ்சு மனிதரைக் கொல்லும் வலிமை உடையதன்று. கிளைகளில் வாழ்வதால் அது நம் முகத்தின் மட்டத்தில் எதிர்ப்படுகிறது. கதை அங்கிருந்தே பிறந்திருக்கலாம்.

இவ்வினத்தின் நெருங்கிய உறவு ஒன்று, தாமிரபரணி பிறக்கும் அகத்தியமலைத் தொடரின் மழைக்காடுகளில் வெகுகாலம் அறியப்படாமல் இருந்தது. 2011இல் நடந்த கள ஆய்வில் அது கிடைத்தது. மேலோட்டமாக நோக்கின் இதுவும் பச்சைப் பாம்பே. ஆயினும் மற்றவற்றின் முதுகுச் செதில்கள் பெரும்பாலும் வழவழப்பாக இருக்க, இதன் செதில்களில் மெல்லிய வரம்பு ஓடுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அசோக் குமார் மாலிக், கார்த்திக் சங்கர் முதலியோர் மரபணுவை ஒப்பிட்டு நோக்கியபோது, அஹேதுல்லாக்களிடமிருந்து இது ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது புலனாயிற்று. 2019இல் 'புரோஅஹேதுல்லா ஆன்டிகுவா' எனத் தனிப் பேரினமாக அறிவிக்கப்பட்டது.

அஹேதுல்லாவுக்கு முந்தியது, தொன்மையானது எனப் பெயர் அமைந்தமையால் இதனை அவற்றின் மூதாதை எனக் கொள்ளலாகாது. ஒரே மூலத்தினின்று கிளைத்த இரு கொடிவழிகளே இவை. ஒன்று பல இனங்களாகப் பெருகித் தென்கிழக்கு ஆசியாவரை பரவியது; மற்றொன்றின் சார்பாக நாம் அறிந்திருப்பதோ இந்த ஓரினமே. காடுகள் வறண்டு சுருங்கிய ஊழிகளிலும் தென்மலைகளில் ஈரம் நீடித்தமையால் இத்தகைய தொல்லுயிர்கள் அங்கே பிழைத்தன என ஆய்வாளர் கருதுகின்றனர். அக்காடு அழியுமாயின் இக்கொடிவழிக்குப் புகலிடம் வேறில்லை.

நம் வேலியோரத்துப் பாம்பின் கதையும் இத்தகையதே. நெடுங்காலம் 'நசூட்டா' என்ற ஒரே பெயருக்குள் அடக்கப்பட்டவை பல இனங்கள் என்று 2020இல் இதே ஆய்வுக் குழுவினர் காட்டினர். இன்று அப்பெயர் இலங்கைப் பாம்புக்கே உரியது. நம் சமவெளியில் வாழ்வது 'அஹேதுல்லா ஆக்சிரிங்கா'.