ஓட்டைத் துறந்த நத்தை

நத்தை என்றதும் அதன் ஓடே நம் நினைவிற்கு வரும். பகை நெருங்கினால் உள்ளே ஒடுங்கிக்கொள்ள உதவும் அரண் அது. அவ்வரணின்றியே வாழும் நத்தைகளும் கடலில் உண்டு. அவற்றுள் ஒன்று, ‘ஸ்பானிஷ் நடனமங்கை’ என அழைக்கப்படும் செந்நிறக் கடல்நத்தை. செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரையுள்ள வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் வாழும் இது, 40 செ.மீ. வரை வளரக்கூடியது. லார்வாப் பருவத்தில் இதற்குச் சிறு ஓடு உண்டு. உருமாற்றத்தின்போது அதனை இழந்துவிடுகிறது.

பகலில் பாறையிடுக்குகளில் மறைந்திருக்கும் இந்நத்தை, இரவில் இரை தேடும். கடற்பஞ்சுகளே இதன் உணவு. ஓரிடத்தில் ஒட்டி வாழும் கடற்பஞ்சுகள் நச்சுப்பொருள்களால் தம்மைக் காத்துக்கொள்கின்றன. அந்நஞ்சைத் தன் உடலில் சேமித்து, இந்நத்தை தனக்கே காப்பாக்கிக்கொள்கிறது. யாரேனும் தீண்டினால், சுருட்டி வைத்திருக்கும் உடலோரத்தை விரித்து, நடனமாடுபவரின் ஆடை சுழல்வதுபோல அலையலையாய் நீந்தும்.

இது ஆணும் பெண்ணும் ஓருடலில் அமைந்த இருபாலுயிரி. முட்டைகளைச் செந்நிற நாடாவாக, ரோசா மலரின் வடிவில் பாறைமீது ஒட்டிவிட்டு அகன்றுவிடும். அருகிருந்து காக்கத் தாயில்லை. ஆயினும் தாய் வழங்கிய நஞ்சு முட்டைகளிலும் இருப்பதால் மீன்கள் அவற்றை உண்ணத் தயங்குகின்றன.

கடற்பஞ்சுகள் அழிந்தால் இந்நத்தை இழப்பது உணவை மட்டுமன்று. தன்னையும் தன் வழித்தோன்றல்களையும் காக்கும் அரணையும் இழக்கும்.